சங்கக் காரியாலயத்தில் கணிப்பொறித் தொலைநகல்

சென்ற ஆண்டில் திருவொற்றியூர்ப் பக்கத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கமொன்றின் நிர்வாக சபைக் கூட்டத்துக்கு நாம் போயிருந்தபோது, நிகழ்ச்சி நிரலின் கடைசியில் ஒரு சிறு விஷயம் விவாதத்துக்கு வந்தது. கணிப்பொறி வழியாகத் தொலைநகல், அதாவது ஃபேக்ஸ், அனுப்பவும் பெறவும் உதவும் மென்பொருள் ஒன்றை ஆண்டுச் சந்தா கட்டி வாங்குவதா வேண்டாமா என்பதே அது. விற்பனையாளர் கொடுத்துப்போன வண்ணப் பிரசுரம் மேஜைமேல் கிடந்தது. அதில் வசதிகள் இரண்டு பக்கங்களுக்கு அடுக்கப்பட்டிருந்தன. அதைப் படித்து முடித்த தலைவர், “இவற்றில் நம் சங்கத்துக்கு எது வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்” என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு எல்லோரும் நம்மைத் திரும்பிப் பார்த்தனர்.

நாமும் அன்று பதில் சொல்லவில்லை. ஒரு மாத காலம் தவணை கேட்டோம். அந்த மாதத்தில் கண்டவற்றை, இதே கேள்வி பிற சங்கங்களிலும் எழக்கூடும் என்ற எண்ணத்தால், இங்கே எழுதுகிறோம். அந்தச் சங்கம் இருக்கும் இடத்துக்கு அருகேதான் காலடிப்பேட்டை இருக்கிறது. 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளரைக் குடியேற்றிய பேட்டை அது. அவர் பெயரே திரிந்து காலடியாயிற்று. கடல் கடந்து துணி போவதும், கடல் கடந்து கடிதம் வருவதும் அப்பகுதிக்குப் புதியவை அல்ல.

தொலைநகல் பழங்கதை ஆகிவிட்டதே, அதற்கு ஒரு கட்டுரையா என்று சிலர் எண்ணக்கூடும். நாமும் அப்படித்தான் எண்ணியிருப்போம், உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் ஒரு கோப்பைப் பாராதிருந்தால்.

அது வேறொரு சங்கத்தின் கோப்பு. அச்சங்கத்துக்கு ஒரு கொள்முதல் ஸ்தாபனத்திலிருந்து நூல் பற்றிய உத்தரவு தொலைநகலில் வந்தது. காரியதரிசி அதை 2/80 நம்பர் நூல் என்று படித்து நூல் வரவழைத்துவிட்டார். துணி போய்ச் சேர்ந்தபின், தாங்கள் எழுதியது 2/60 என்று ஸ்தாபனத்தார் சரக்கைத் திருப்பிவிட்டனர். நஷ்டம் யாருடையது என்ற வழக்கு நான்கு ஆண்டுகள் இழுத்தது. விசாரணையின்போது மூலக் காகிதத்தைக் காட்டும்படி கேட்டோம். காரியதரிசி கோப்பைப் புரட்டி, “ஐயா, இந்தத் தாள்தான்” என்று ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். அது வெற்றுத்தாள். மூலையில் சங்கத்தின் வரவு முத்திரை மட்டும் ஊதா நிறத்தில் தெளிவாக இருந்தது. அக்காலத் தொலைநகல் இயந்திரங்கள் பலவும் சூடு பட்டால் கறுக்கும் ரசாயனத் தாளில் அச்சிடுபவை. வெயிலிலும் வெப்பத்திலும் சில ஆண்டுகளில் அந்தக் கறுப்பு மங்கி மறைந்துவிடும். 60 என்று எழுதியிருந்ததா, 80 என்று எழுதியிருந்ததா என்பதை இனி எவரும் சொல்ல இயலாது. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87-ஆம் பிரிவின்படி அந்தக் காரியதரிசிமீது தண்டத்தீர்வை நடவடிக்கை எடுக்கும் பேச்சும் வந்தது. ஓய்வு பெற ஓராண்டே இருந்த மனிதர். தறியில் உட்கார்ந்திருந்த அங்கத்தினர்களோ, நூல் இன்றிச் சில வாரங்கள் கூலியை இழந்தனர்.

ஆகையால் தொலைநகல் மென்பொருளை மதிப்பிடும்போது நாம் கேட்கும் முதற்கேள்வி, அது எத்தனை வேலை செய்யும் என்பதன்று. நான்கு ஆண்டு கழித்து ஒருவர் வந்து கேட்டால் சங்கத்தின் கையில் என்ன இருக்கும் என்பதே.

இனி, தொலைநகல் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பார்ப்போம். மற்றவர்களுக்கு இதை விளக்குவது கடினம்; நெசவாளருக்கு எளிது. ஒரு தாளை அனுப்பும் கருவி, அதை மேலிருந்து கீழாகக் குறுக்குக் கோடுகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கோடும் ஓர் ஊடை இழை என்று கொள்ளுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் 1728 புள்ளிகள். அவை பாவு இழைகள். ஊடையும் பாவும் கூடும் ஒவ்வோர் இடத்திலும் கறுப்பா வெள்ளையா என்று மட்டும் கருவி பார்க்கிறது. பின்னர், கோடுபோட்ட துணிக்குப் பாவு ஓட்டும்போது “வெள்ளை 40, சிவப்பு 4, வெள்ளை 12” என்று கணக்கு எழுதிக்கொள்கிறோமே, அதேபோல “வெள்ளை 200, கறுப்பு 5, வெள்ளை 60” என்று எண்ணி, அந்த எண்களை ஒலியாக்கித் தொலைபேசிக் கம்பியில் அனுப்புகிறது. மறுமுனையிலுள்ள கருவி அதே கணக்கின்படி மறுபடி நெய்து கொடுக்கிறது. ஸ்காட்லாந்துக் கடிகாரத் தொழிலாளியான அலெக்ஸாண்டர் பெயின் என்பவர் இதன் மூலக் கருத்துக்கு 1843-இல் காப்புரிமை பெற்றார். தொலைபேசி பிறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே! ஆயினும் எல்லா நாட்டுக் கருவிகளும் ஒரே கணக்கைப் பேசத் தொடங்கியது, 1980-இல் சர்வதேசத் தந்தி தொலைபேசிக் குழு மூன்றாம் வகைத் தொலைநகலுக்கான தரத்தை வகுத்த பின்னரே.

இந்த ஊடைக் கணக்கில்தான் முதல் ஆபத்து இருக்கிறது. அந்தத் தரத்தின்படி சாதாரண முறையில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 98 கோடுகள். நுண் முறையில் 196. சாதாரண முறை என்பது இளக்கமாக அடித்த துணியைப் போன்றது. ஆங்கில எழுத்துகளுக்கு அது பெரும்பாலும் போதும். தமிழ் எழுத்துக்கு அஃதன்று. சிறிய அச்சில் மெய்யெழுத்தின் புள்ளி இரண்டு கோடுகளுக்கு இடையே விழுந்து மறைகிறது. இகரமும் ஈகாரமும் ஒன்றாகத் தெரிகின்றன. 6, 8, 3 ஆகிய இலக்கங்கள் ஒன்றையொன்று ஒத்துவிடுகின்றன. ரூபாய்க்கும் பைசாவுக்கும் நடுவேயுள்ள புள்ளி போயே போய்விடுகிறது. நாம் சோதனைக்காக நூல் நம்பர், கட்டு எண்ணிக்கை, விலை ஆகியவை அடங்கிய ஒரு பட்டியலைச் சிறிய எழுத்தில் தயாரித்து இரு முறைகளிலும் அனுப்பிப் பார்த்தோம். சாதாரண முறையில் வந்த தாளைச் சங்கத்தின் குமாஸ்தா அம்மையாரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னபோது, அவர் 60 வந்த இடத்தில் தயங்கி நின்றார். அதுவே நமக்குப் போதுமானதாக இருந்தது. நுண் முறைக்குத் தாளொன்றுக்கு ஏறக்குறைய இருமடங்கு நேரமாகும். தொலைபேசிக் கட்டணத்தில் அந்த வித்தியாசம் அற்பம். மென்பொருளை முதன்முதல் அமைக்கும்போதே நுண் முறையை நிரந்தரமாக வைத்துவிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் நினைவாகத் தேர்ந்தெடுக்கும்படி விட்டால், அவசர நாளில் மறந்துபோவோம். இலக்கத்தை எழுத்தாலும் எழுதும் பழைய வழக்கத்தையும் விடலாகாது.

கணிப்பொறியிலிருந்து நேராக அனுப்புவதில் ஒரு நன்மை உண்டு. அச்சிட்ட தாளை இயந்திரத்தில் செருகி அது மறுபடி பார்த்துப் பிரதி செய்யும்போது ஏற்படும் கோணலும் அழுக்கும் இதில் இல்லை. கடிதம் கணிப்பொறிக்குள்ளேயே புள்ளிகளாக மாறுவதால் எழுத்து கூராக இருக்கிறது. ஆனால் கையொப்பமும் முத்திரையும் வேண்டிய கடிதத்தை அச்சிட்டு, ஒப்பமிட்டு, ஸ்கேன் செய்தே அனுப்ப வேண்டும் என்பதால், சங்கக் கடிதங்களில் பாதிக்கு இந்த நன்மை கிட்டுவதில்லை. பிரசுரங்கள் இதைச் சொல்வதில்லை.

மென்பொருள் வகைகளைப் பற்றி நெடுக எழுத வேண்டியதில்லை. 1990-களில் உலகெங்கும் பெயர் பெற்றிருந்தது கனடா நாட்டு டெல்ரினா நிறுவனத்தின் வின்ஃபேக்ஸ். 1995-இல் அந்நிறுவனத்தைச் சைமாண்டெக் வாங்கியது. பின்னர் 2006-இல் அந்த மென்பொருளே கைவிடப்பட்டது. அது தன் கடிதங்களைத் தனக்கே உரிய கோப்பு வடிவத்தில் சேமித்து வைத்தது. மென்பொருள் போனபின் அந்தக் கோப்புகளைத் திறக்க வழி தேடித் திண்டாடியவர் பலர். சாவி செய்த கடை மூடிவிட்டால் பூட்டு நம்முடையதாக இருந்து என்ன பயன்? எந்த மென்பொருளாயினும் டிஃப் அல்லது பிடிஎஃப் போன்ற பொது வடிவத்தில் சேமிக்கிறதா என்று கேட்பதற்கு இதுவே காரணம். விண்டோஸ் கணிப்பொறிகளில் 2007-இல் வந்த விஸ்டா பதிப்பிலிருந்து ‘ஃபேக்ஸ் அண்ட் ஸ்கேன்’ என்னும் பகுதி இணைந்தே வந்தது. அது டிஃப் வடிவத்தில் சேமிக்கிறது. வந்த தாளை உடனே தானாக அச்சிடவும், வேறோர் இடத்தில் ஒரு பிரதி வைக்கவும் அதில் அமைப்பு உண்டு. லினக்ஸ் கணிப்பொறிகளுக்கு ஹைலாஃபேக்ஸ் என்னும் இலவச மென்பொருள் இருக்கிறது. அது நன்று, ஆனால் அமைத்துக்கொடுக்க அறிந்த ஆள் வேண்டும். எதுவாயினும் தொலைபேசிக் கம்பியைக் கணிப்பொறியுடன் சேர்க்கும் ஃபேக்ஸ் மோடம் ஒன்று தேவை. இக்காலக் கணிப்பொறிகளில் அது உள்ளே இருப்பதில்லை. யுஎஸ்பி துளையில் செருகும் சிறு கருவியாக வாங்க வேண்டும்.

அடுத்தது அனுப்பியதற்கான சான்று. அனுப்பி முடிந்ததும் மென்பொருள் ஓர் அறிக்கை தருகிறது: எந்த எண்ணுக்கு, எத்தனை பக்கம், எத்தனை மணிக்கு, வெற்றியா தோல்வியா. இதில் ‘வெற்றி’ என்ற சொல்லுக்கு அங்கத்தினர்கள் மிகையான பொருள் கொள்ளலாகாது. மறுமுனைக் கருவி பக்கங்களை வாங்கிக்கொண்டதாகத் தலையசைத்தது என்பதே அதன் பொருள். மனிதர் ஒருவர் எடுத்துப் படித்தார் என்பதற்கு அது சாட்சியாகாது. அங்கே தாள் தீர்ந்திருக்கலாம், மை வற்றியிருக்கலாம். தந்தி இருந்த நாட்களில் வியாபாரிகள் தந்தி கொடுத்த கையோடு அதன் நகலைத் தபாலிலும் அனுப்புவார்கள். தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டுவிட்டது; அந்த நல்ல வழக்கத்தை நிறுத்த வேண்டியதில்லை. பணம் சம்பந்தப்பட்ட கடிதமாயின் நகலை விரைவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ அனுப்பி, அனுப்பிய விவரத்தையும் அறிக்கையோடு சேர்த்துக் கோப்பில் வைத்துவிடுக.

அறிக்கையிலுள்ள தேதியையும் நம்புவதற்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தேதி வானத்திலிருந்து வருவதன்று; நம் கணிப்பொறியின் கடிகாரம் சொல்வது. உள்ளேயிருக்கும் காசளவுப் பேட்டரி தீர்ந்துபோன கணிப்பொறி, மின்சாரம் நின்று வந்ததும் ஏதோ ஒரு பழைய ஆண்டின் ஜனவரி முதல் தேதிக்குத் திரும்பிவிடுகிறது. நாம் சோதித்த கணிப்பொறியிலேயே அப்படி நேர்ந்தது. சங்கம் பதிவாவதற்கு முன்பே அது கடிதம் அனுப்பியதாக அறிக்கை சொல்லிற்று! நிர்வாக சபையார் சிரித்தனர். வழக்கு மன்றத்தில் எவரும் சிரிக்கமாட்டார்கள்.

கம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல இடங்களில் பழைய செம்புக் கம்பி இணைப்புகள் கண்ணாடி இழைக்கு மாற்றப்பட்டு வருகின்றன. பேச்சுக்கு அது மிக நன்று. தொலைநகலுக்கு அப்படியன்று. கண்ணாடி இழையில் குரல் சிறு சிறு பொட்டலங்களாக வெட்டி அனுப்பப்படுகிறது; ஒரு பொட்டலம் தாமதித்தால் மனிதக் காது பொறுத்துக்கொள்ளும், தொலைநகல் பொறுக்காது. ஊடை நாடா நடுவே நின்றுவிட்டால் துணியில் கோடு விழுவதுபோல, பக்கத்தின் நடுவில் வரிகள் சிதைகின்றன, அல்லது இணைப்பே அறுந்துபோகிறது. இதற்கென 1998-இல் டி.38 என்னும் தனித் தரம் ஏற்பட்டது. நம் இணைப்பை வழங்குபவரும் மறுமுனையாரும் அதற்கு இசைந்தால்தான் பயன். ஆகவே ஒரே ஒரு பக்கம் அனுப்பிப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். நம் சோதனையில் முதல் பக்கம் போய்விட்டது. நான்கு பக்கக் கடிதம் மூன்றாம் பக்கத்தில் அறுந்தது. வேகத்தை 14,400-இலிருந்து 9,600-ஆகக் குறைத்தபின் முழுவதும் சென்றது. வேகத்தைக் குறைக்க வழியில்லாத மென்பொருள் எவ்வளவு அழகாயிருந்தாலும் வேண்டாம் என்பது நம் அபிப்பிராயம்.

பெறுவதிலும் ஒரு சங்கடம் உண்டு. பழைய இயந்திரம் இரவும் பகலும் காத்திருக்கும். கணிப்பொறி அணைந்திருந்தால் கடிதம் வராது, விழித்திருக்க வேண்டும். அதே கம்பியில் அங்கத்தினர்களும் பேசுவார்களாயின், மென்பொருள் எத்தனை மணிக்குப்பின் எடுக்க வேண்டும் என்பதை நிதானித்து அமைக்க வேண்டும். இல்லையேல் கூலி எப்போது என்று கேட்கக் கூப்பிட்ட அங்கத்தினரின் காதில் கிரீச்சென்ற ஊளைச் சத்தமே பதிலாகக் கிடைக்கும். ஒரு மூதாட்டி நேரிலேயே வந்து, “உங்க டெலிபோனுக்கு என்ன சாமி வந்துடுச்சு?” என்று விசாரித்துவிட்டுப் போனார்.

கடற்கரைச் சங்கங்களுக்கு இன்னொரு தொல்லை. எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு வட்டாரத்து உப்புக் காற்று தொலைபேசிச் செருகியின் பித்தளை முனைகளைப் பச்சை பூக்கச் செய்துவிடுகிறது. மென்பொருளைக் குறை சொல்லும் முன் செருகியைக் கழற்றித் துடைத்துப் பார்ப்பது நலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது எண்ணூர்க் கழிமுகப் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீடுகளுக்குள் புகுந்ததை அப்பகுதி அங்கத்தினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கணிப்பொறியைத் தரையில் வைப்பதும், கடிதங்கள் அனைத்தையும் அந்த ஒரே பெட்டிக்குள் விட்டுவைப்பதும் அன்றே நம் புத்தியிலிருந்து நீங்கியிருக்க வேண்டும். வாரம் ஒரு முறை வேறொரு தட்டில் பிரதி எடுத்து, அதை வேறு கட்டிடத்தில் வைக்க வேண்டும்.

சட்டத்தின் நிலையையும் சொல்லிவிடுகிறோம். 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, மின்பதிவுக்குச் சட்ட அங்கீகாரம் அளித்திருக்கிறது. ஆனால் வழக்கில் அதைச் சாட்சியமாகக் காட்ட வேண்டுமானால், 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு கோரும் சான்றிதழும் வேண்டும். கணிப்பொறி யார் பொறுப்பில் இருந்தது, ஒழுங்காக வேலை செய்துவந்ததா என்பவற்றுக்கு ஒருவர் கையெழுத்திட வேண்டும். ஆகவே பொறுப்பாளர் யார் என்பதை நிர்வாக சபை தீர்மானத்திலேயே எழுதிவைப்பது உசிதம். வந்த கடிதத்தை அன்றைக்கே சாதாரணத் தாளில் லேசர் அச்சில் எடுத்து, வரவுப் பதிவேட்டில் எண் கொடுத்து, முத்திரையிட்டுக் கோப்பில் சேர்ப்பதற்கு எந்த மென்பொருளும் ஈடாகாது. பழைய ரசாயனத் தாள்கள் இன்னும் எந்தச் சங்கத்தின் கோப்பிலாவது இருந்தால், எழுத்து தெரியும்போதே நகலெடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் எழுதிய பின்பு, தொலைநகல் வேண்டுமா என்ற கேள்விக்கே வருகிறோம். பெரும்பாலான சங்கங்களுக்கு வேண்டாம். துறைமுகத்தில் சுங்கப் பத்திரங்கள் ஐஸ்கேட் வழியாக மின்முறையில் தாக்கலாகின்றன. தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களுக்கோ, 2022 ஜூனில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த கணினிமயத் திட்டத்தின் பொது மென்பொருள் வந்திருக்கிறது. விவசாய அங்கத்தினர்களின் சங்கங்கள் தனியாகப் பணம் செலவழிக்கும் முன் அதைப் பார்க்கட்டும். பிரிட்டனின் பொது மருத்துவ சேவை, 2019 முதல் புதிய தொலைநகல் இயந்திரம் வாங்குவதையே தடுத்துவிட்டது. ஆனால் ஜப்பானில் 2021-இல் அரசு அலுவலகங்களில் தொலைநகலை ஒழிக்க முயன்றபோது அலுவலகங்களிலிருந்தே நூற்றுக்கணக்கான ஆட்சேபங்கள் கிளம்பி, முயற்சி பின்வாங்கிற்று. நம் திருவொற்றியூர்ச் சங்கத்துக்கும் சிக்கல் அங்கிருந்துதான். அவர்களிடம் மேஜைத் துணி வாங்கும் ஜப்பானிய வியாபாரி ஒருவர், உத்தரவைக் கையால் எழுதி, சிவப்பு முத்திரை குத்தித் தொலைநகலிலேயே அனுப்புகிறார். (முத்திரை இங்கே கறுப்பாகத்தான் வருகிறது, அது வேறு விஷயம்.) வாங்குபவர் பேசும் பாஷையில்தானே விற்பவர் பதில் சொல்ல வேண்டும்?

இணையவழித் தொலைநகல் சேவைகள் என்று ஒரு வகை உண்டு. கம்பியும் மோடமும் வேண்டாம். கடிதம் மின்னஞ்சலாக வந்துவிடும். வசதி என்பதில் ஐயமில்லை. ஆனால் நம் கடிதங்கள் எங்கோ உள்ள ஒரு கம்பெனியின் கணிப்பொறியில் தங்கிச் செல்கின்றன. சந்தா நின்றால் எண்ணும் போய்விடும். அங்கத்தினரின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் உள்ள பட்டியலை அவ்வழியில் அனுப்பக்கூடாது என்று நாம் கண்டிப்பாகச் சொன்னோம். விலைப்பட்டியல் போன்றவற்றுக்கு அது பொருந்தலாம்.

மாத முடிவில் கூடிய சபை, சந்தா மென்பொருளை வாங்குவதில்லை என்று தீர்மானித்தது. காரியாலயத்தில் சும்மா கிடந்த பழைய கணிப்பொறி ஒன்றுக்குப் புதிய பேட்டரியும் ஒரு மோடமும் வாங்கி, கணிப்பொறியுடன் வந்த மென்பொருளையே அதில் அமைத்தார்கள். அது விண்டோஸ் 10 கணிப்பொறி. அதற்கான பொதுப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டபடியால், அதை இணையத்தோடு சேர்க்காமல் தொலைநகலுக்கு மட்டும் வைத்திருக்கிறார்கள். குமாஸ்தா அம்மையார் பொறுப்பாளர். அவர் விடுப்பில் இருந்தால் யார் என்பதும் தீர்மானத்தில் இருக்கிறது.

அண்மையில் அங்கே சென்றபோது அடுத்த ஜப்பானிய உத்தரவு கோப்பில் இருந்தது. நூல் நம்பரைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அருகில் அம்மையார் எழுதியிருந்தார்: “60. அறுபது. மின்னஞ்சலில் கேட்டு உறுதி பெறப்பட்டது.” கீழே தேதியும், அவருடைய சுருக்கொப்பமும், வரவுப் பதிவேட்டு எண்ணும் இருந்தன.